கல் கட்டாத கூரை

ஆடி மாதத்தில் கல்யாண மண்டபங்களுக்கு வேலை கிடையாது. அதனால் வெள்ளையடிப்பது, ஓட்டை அடைப்பது, கூரை மாற்றுவது எல்லாம் ஆடியில்தான். பணகுடிக்குத் தெற்கே காற்று பேயாட்டம் ஆடுவதும் அதே ஆடியில்தான். ஏணி வைத்தால் ஏணி போகும், ஏறினால் வேட்டி போகும். இருந்தும் வருடம் தவறாமல் எல்லோரும் ஆடியில்தான் ஏறுவார்கள். வேறு மாதம் பார்க்கலாமே என்றால், முகூர்த்தத்தை யார் விடுவது என்பார்கள்.

பூதலிங்கம் அண்ணாச்சியின் மண்டபத்துக்கு இந்த வருடம் அந்தக் குழப்பம் இல்லை. எல்லா மாதமும் ஆடியாகவே இருந்தது.

எல்லாம் போன வருட வைகாசியில் நடந்த ஒரு கல்யாணத்தால் வந்த வினை. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். கெட்டிமேளம் முழங்கியது. கூரையிலிருந்து மூன்று தகரம் எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பறந்து, பக்கத்துத் தென்னந்தோப்பில் போய் விழுந்தது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. மாப்பிள்ளை தாலியைக் கட்டி முடித்துவிட்டுத்தான் மேலே பார்த்தார். அந்தத் தம்பதிக்கு இப்போது கொழுக் மொழுக்கென்று இரட்டைக் குழந்தைகள்.

ஆனால் உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ராசியில்லாத மண்டபம் என்று பெயர் விழுந்துவிட்டது. ஆவணியில் ஒரே ஒரு கல்யாணம் பதிவாகியிருந்தது. பெண்ணின் அம்மா இசக்கியம்மாள் டீச்சர் வேறு எங்கும் மண்டபம் கிடைக்காமல், சாமியைக் கும்பிட்டுவிட்டு இங்கே வந்திருந்தார். அது நல்லபடியாக நடந்தால் மண்டபம் பிழைக்கும். இல்லையென்றால் நெல் மூட்டை அடுக்க விட்டுவிட வேண்டியதுதான். தன் கையால் வாழைமரம் கட்டித் திறந்த மண்டபத்தில் எலி ஓடுவதை நினைத்துப் பார்க்கவே அண்ணாச்சிக்கு மனசு வரவில்லை.

அண்ணாச்சிக்கு ஒரு குரு உண்டு. மலையடிவாரத்தில் சின்னதாக மடம் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் கஞ்சி ஊற்றும் ஆவுடை அம்மை. குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபத்திரண்டு. சீடராகி மூன்று வருடம் ஆகியும் அண்ணாச்சிக்குக் கண்ணை மூடி உட்கார வரவில்லை. இப்போதெல்லாம் கண்ணை மூடினால் தகரம் தெரிந்தது.

ஆடி பிறந்ததும் அவர் மடத்துக்குப் போனார். அம்மை முற்றத்தில் கஞ்சிப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, ஒரு சந்தேகம்.”

“ஆத்மாவைப் பத்தியா, கூரையைப் பத்தியா?”

“கூரை.”

“நல்லதாப் போச்சு. ஆத்மான்னா நேரமாகும். சொல்லுங்க.”

“தூத்துக்குடியில இருந்து சாலமோன்னு ஒரு ஆளு வந்திருந்தாரு. ஸ்பிரே ஃபோம்னு ஒண்ணு சொல்லுதாரு. தகரத்து மேல பீய்ச்சினா பால் பொங்குத மாதிரி பொங்கி, அப்படியே இறுகிப் போயிருமாம். தகரத்துக்குத் தகரம் இருக்க இடுக்கு, ஆணித்தலை எல்லாத்தையும் மூடி, ஒரே தோலா நிக்குமாம். அதுக்கு மேல ஒரு வெள்ளைப் பூச்சு. வெயிலும் இறங்காதாம், மழையும் இறங்காதாம். சில வருசத்துக்கு ஒருக்கா பூச்சை மட்டும் புதுசாக்கினாப் போதுமாம்.”

“பெறகு என்ன?”

“ஒரு துண்டைக் கையில குடுத்தாரும்மா. பன்னு மாதிரி இருக்கு. கனமே இல்ல! நான் கல்லு வச்சேன், மணல் மூட்டை வச்சேன், லாரி டயரு வச்சேன். ஆணிக்கு மேல ஆணியா அடிச்சேன். ஒவ்வொரு ஆணியும் ஒரு ஓட்டையாகி, மழை நேரா சாம்பார்லதான் விழுந்துச்சு. இத்தனைக்கும் அடங்காத காத்து, இந்தப் பன்னுக்கா அடங்கும்?”

அம்மை கையைக் கழுவினார்.

“தோள்ல கிடக்க துண்டை எடுங்க.”

எடுத்தார்.

“முனையில ஒரு கல்லை முடிஞ்சு, அந்தச் சுவர் மேல போடுங்க.”

கைமுட்டி அளவு கல்லாகத் தேடி முடிந்து போட்டார். காற்று துண்டின் மறுமுனையை மெல்ல நிமிண்டியது. கொஞ்சம் தூக்கியது. அப்புறம் ஒரே உதறு. துண்டு, கல் எல்லாம் சேர்ந்து போய்ப் பானையின் மேல் விழுந்தது. பானை நசுங்கியது.

“பாத்தீயளா?” என்றார் அண்ணாச்சி, ஏதோ தானே ஜெயித்த மாதிரி. “ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்னு சும்மாவா சொன்னான்!”

“நெத்தியில என்ன?”

“சந்தனம்.”

“எப்ப வச்சது?”

“காலையில குளிச்சிட்டு.”

“அங்கேயிருந்து இந்தக் காத்துல பைக்லயா வந்தீய?”

“ஆமா.”

“அதுக்கு எந்தக் கல்லைக் கட்டினீய?”

அண்ணாச்சியின் கை நெற்றிக்குப் போனது. சந்தனம் காய்ந்து, வைத்தது வைத்தபடி இருந்தது. நகத்தால் நிமிண்டப் பார்த்தார். நிமிண்ட ஒரு முனை கிடைக்கவில்லை. அங்கே நின்றபடியே சாலமோனுக்குப் போன் போட்டார்.

சாலமோனின் ஆட்கள் வந்தார்கள். ஆடுகிற தகரத்தை இறுக்கி, துருவைச் சுரண்டி, தூசியைத் துடைத்தார்கள். மேலே இருந்த கல்லையும் டயரையும் இறக்கினார்கள். இறக்கிய கல்லில் ஒரு மாட்டுத்தொழுவம் கட்டலாம்.

“ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுங்க அண்ணாச்சி,” என்றார் சாலமோன். “பீய்ச்சும்போது காத்து அசந்திருக்கணும். இல்லேன்னா சாரல் ஊரெல்லாம் பறந்து, பட்ட இடத்துல ஒட்டிக்கிடும். விடியக்காலம் கொஞ்ச நேரம் கிடைக்கும். அப்ப அப்ப அடிப்போம்.”

சில காலை காற்று அசந்தது. சில காலை அசரவே இல்லை. ஆட்கள் டீ குடித்துவிட்டுப் படுத்தார்கள். கூரையில் பாதிகூட முடியாமல் ஆடி தேய்ந்துகொண்டிருந்தது. அண்ணாச்சிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு நாள் உச்சி வெயிலில் முற்றத்தில் நின்று மேலே பார்த்துக் கத்தினார்.

“ஏய்! என் கூரை, என் பொறுப்பு. நான் சொல்லுதேன், அடியும்!”

அண்ணாச்சியின் மீசைக்கு எதிராகப் பேச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. இரண்டு கன்னத்தையும் தாண்டி முறுக்கி நின்ற வெள்ளை மீசை. பஞ்சாயத்துகளே அதைப் பார்த்து முடிந்திருக்கின்றன. சாலமோன் பெருமூச்சு விட்டு, ஒரே ஒரு தடவை ஃபோம் பீய்ச்சும் துப்பாக்கியை அழுத்திக் காட்டினார்.

காற்று அதை வாங்கிச் சுழற்றிக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கியது. அண்ணாச்சி கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. அந்த நொடியில் வாயை மூடியிருந்தது குலதெய்வத்தின் கருணை. மீசை மட்டும் மாட்டிக்கொண்டது.

மறுநாள் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு மடத்துக்கு வந்தார்.

“துண்டை எடுங்க,” என்றார் அம்மை.

எடுத்தார். மீசை இருந்த இடம் உரித்த நுங்கு போல இருந்தது. அம்மை சிரிக்க ஆரம்பித்தார். அடக்கப் பார்த்து, முடியாமல், தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கஞ்சி குடிக்க வந்தவர்கள் சிரித்தார்கள். கடைசியில் அண்ணாச்சிக்கே பொறுக்கவில்லை, வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார்.

“நல்லெண்ணெய் போட்டேம்மா. மண்ணெண்ணெய் போட்டேன். இழுத்தும் பாத்தேன். மயிருதான் வந்துச்சு, அது வரல்ல. பெறகு சிரைக்கத்தான் வேண்டியதாப் போச்சு.”

“ரொம்பக் கனமோ?”

“எங்க! மிளகுதான் இருக்கும்.”

“சாலமோன் எப்ப அடிக்கணும்னு சொன்னாரு?”

“காத்து அசரும்போது.”

“நீங்க எப்ப அடிக்கச் சொன்னீய?”

அண்ணாச்சி தரையைப் பார்த்தார். “ஆவணி வருதேம்மா. அந்தப் புள்ள கல்யாணம் நல்லா நடக்கணுமே. காத்து அசரலைன்னா நான் என்ன செய்ய?”

“விடியுமுன்ன எந்திரிச்சு முற்றத்துல உக்காருங்க.”

“உக்காந்து?”

“அசருதான்னு பாருங்க.”

அன்றிலிருந்து அவர் இருட்டு பிரியுமுன் முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதலில் மரத்தைப் பார்த்தார், காற்றைக் கணிக்கச் சாலமோன் கூரையில் கட்டியிருந்த கொடியைப் பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். முப்பது வருடமாக மயிர்க்காட்டுக்குள் கிடந்த மேலுதட்டில் காற்று பட்டது. அது எந்தப் பக்கமிருந்து வருகிறது, எப்போது தளர்கிறது, எப்போது அடுத்த மூச்சுக்கு நிற்கிறது எல்லாம் அந்த உதட்டுக்குத் தெரிந்தது. தகரம் ஞாபகம் வரவில்லை. தளர்ந்ததும் ஒரு விரலை உயர்த்துவார். மேலே துப்பாக்கி சீறும்.

சில நாளில் சாலமோன் கொடியைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். “அண்ணாச்சி உதடு போதும்டே,” என்று ஆட்களிடம் சொன்னார். ஆடி முடியுமுன் கூரை முழுக்க ஒரே வெள்ளையாக, ஒரு தையல்கூட இல்லாமல் நின்றது.

ஆவணிக் கல்யாணத்தன்று ஆடி முடிந்த விஷயம் காற்றுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. மண்டபத்துக்குள் மட்டும் அதிசயமான அமைதி. முன்பெல்லாம் தகரம் போடும் சத்தத்தில் நாதஸ்வரக்காரர் எதை வாசித்தாலும் யாருக்கும் தெரியாது. அன்று ஒரு பிசிறு விழுந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்க்க, அவர் பயந்துபோய் ஒழுங்காக வாசித்தார். நண்பகல் நெருங்கியும் கூரையிலிருந்து அனல் இறங்கவில்லை. கிழவிகள் விசிறியை மறந்து பேரன்களுக்குப் பெண் பார்த்தார்கள். மீசை இல்லாத அண்ணாச்சியைச் சமையல்காரர் என்று நினைத்து ஒருத்தர் காபி கேட்டார். அவர் ஓடிப்போய்க் கொண்டுவந்து கொடுத்தார்.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். கெட்டிமேளம் முழங்கியது.

அண்ணாச்சியின் தலை தானாக மேலே நிமிர்ந்தது. மேளம் ஓய்ந்தது. கூரையில் ஒரு முனகல்கூட இல்லை. இசக்கியம்மாள் டீச்சர் சந்தோஷத்தில் மூக்கை உறிஞ்சுவது கடைசி வரிசைவரை கேட்டது. அண்ணாச்சிக்கும் கண் நிறைந்துவிட்டது.

காற்று ஓய்ந்துவிட்டதோ என்று வாசலுக்கு ஓடினார். வெளியே தென்னை மரங்கள் வளைந்து தரையைக் கும்பிட்டுக்கொண்டிருந்தன. உள்ளே திரும்பியபோது இரண்டு குடும்பத்தார் அவரைப் பிடித்துக்கொண்டு, ஐப்பசியில் மண்டபம் கிடைக்குமா என்று கேட்டார்கள். கிடைக்கும், கிடைக்கும் என்று சொல்லிவிட்டு, கால் தரையில் பாவாமல் பந்திக்கு ஓடினார்.

அங்கே ஆவுடை அம்மை இலையில் பாயசத்தை ஊற்றச் சொல்லி, அப்பளத்தை நொறுக்கிப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தார்.

“அம்மா!” அண்ணாச்சிக்கு மூச்சு வாங்கியது. “முப்பது வருசமா என்னோட மல்லுக்கு நின்ன காத்து, இன்னைக்குத் தோத்துப் போச்சும்மா!”

அம்மை இலையை வழித்து முடித்து, சிரித்தபடி நிமிர்ந்தார்.

“அந்தக் காத்துக்கு உங்களைத் தெரியவே தெரியாதே, அண்ணாச்சி.”