மூக்குக்கு ஏறாத பீட்ரூட் துவையல்

ஒரு ஊர்ல ஒரு வாய்ச்சவடால்காரன் இருந்தான். கை கால் எல்லாம் நம்மள மாதிரிதான், வாய் மட்டும் ரெண்டு அளவு பெருசு. பேரு கிளாட்வின். ஆமாட்டி, உன் மாமாதான். வேற யாரைப் பத்தி நான் இவ்வளவு தைரியமா சொல்ல முடியும்? தலையணையில தலையை வை. ஈஸ்டர் சாப்பாடு சாப்ட்ட பிள்ளை மத்தியானம் ஒரு தூக்கம் போடணும்னு உங்கம்மா உத்தரவு. நடுநடுவுல "ம்" சொல்லு. சொல்லலைன்னா நிறுத்திடுவேன்.

"ம்."

அந்த கிளாட்வின் தூத்துக்குடியில இருந்து கிளம்பி, போலந்துன்னு ஒரு குளிர் தேசத்துக்குக் கப்பல் பட்டறையில வெல்டிங் வேலைக்குப் போனான். அங்க ஒரு அம்மா வீட்டு மாடியில குடியிருந்தான். அந்தம்மா பேரு ஹலீனா. எல்லாரும் பானி ஹலீனான்னு கூப்பிடுவாங்க. பானின்னா நம்ம அம்மான்னு மரியாதையா சொல்ற மாதிரி. எழுபது வயசு இருக்கும். அவங்க வீட்டுக்காரர் பேரு ரிஷார்ட். நல்ல மனுஷன், என்னைப் பார்த்தா தொப்பியைத் தூக்குவாரு. நானும் பதிலுக்குத் தூக்குவேன், என் தலையில தொப்பி இருக்காது. அவரு அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தி இறந்து போயிட்டாரு.

அப்புறம் ஈஸ்டர் வந்துச்சு. அவங்க ஊர்ல ஈஸ்டர் அன்னிக்குக் காலையில புகை போட்ட பன்னித் தொடை, வெள்ளைத் தொத்திறைச்சி, அவிச்ச முட்டை எல்லாம் மேசையில வைப்பாங்க. அதுக்குத் தொட்டுக்க ஒரு துவையல். பீட்ரூட்டை அவிச்சு, அதுகூட வேற ஒரு செடியோட வேரைப் பச்சையா துருவிப் போட்டு, வினிகர் ஊத்தி வைக்கிறது. அந்த வேர் பார்க்க மரவள்ளிக்கிழங்கு மாதிரி இருக்கும். குதிரை முள்ளங்கின்னு சொல்வாங்க.

"குதிரை சாப்பிடுமா மாமா?"

குதிரைக்கு உன் மாமாவை விடப் புத்தி ஜாஸ்தி, தொடாது. அவங்க பாஷையில அதுக்கு "ஹ்ஷான்"னு பேரு. தும்மல் போட்ட மாதிரி இல்ல? பேர்லயே எச்சரிக்கை இருந்துச்சு. எனக்குத்தான் விளங்கலை.

அந்த வீட்டுல வருஷா வருஷம் வேரைத் துருவுறது ரிஷார்ட் வேலை. ஹலீனா அம்மாவுக்கு அப்போதான் கண்ணுல ஆபரேஷன் ஆகியிருந்துச்சு. வெங்காயம்கூட நறுக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதனால ஈஸ்டருக்கு மூணு நாள் முந்தி, பெரிய வியாழன் அன்னிக்குக் காலையில ஒரு துணிப்பையை எடுத்துட்டு மாடிக்கு வந்தாங்க. உள்ள மண்ணு ஒட்டின வேர், மூணு.

"இது ரிஷார்ட் தோண்டி வச்சது. நிலவறையில மணலுக்குள்ள புதைச்சு வச்சிருந்தாரு. நீ துருவித் தர்றியா? ரொம்ப உறைப்பா இருக்கும், பார்த்துக்க"ன்னாங்க.

உறைப்பான்னு என்கிட்ட கேட்டா எப்படிட்டி? நான் நெஞ்சை நிமித்தி, "பானி ஹலீனா, எங்க ஊர்ல பச்ச மிளகாயைக் கடிச்சுக்கிட்டே கஞ்சி குடிப்போம். இது முள்ளங்கி"ன்னேன்.

அவங்க எப்படிச் செய்யணும்னு சொன்னாங்க. கால் மணி நேரம் சொன்னாங்க. மாமாவுக்கு அப்போ அவங்க பாஷையில நாப்பது வார்த்தை தெரியும். அதுல முப்பது வெல்டிங் வார்த்தை. மீதிப் பேச்செல்லாம் கை சைகையிலதான் ஓடும். எல்லாத்துக்கும் "தாக், தாக்"னு தலையை ஆட்டினேன். தாக்னா சரி. சொல்லிட்டு அவங்க கோயில்ல பூ வைக்கப் போயிட்டாங்க.

அப்புறம் நான் முதல் வேரை எடுத்தேன். கீழ சமையல்கட்டுல, குளிருதேன்னு ஜன்னலை எல்லாம் சாத்திக்கிட்டு, கறக் கறக்னு துருவினேன். ஒரு இழுப்பு, ரெண்டு இழுப்பு, ஒண்ணும் இல்ல. இவ்வளவுதானான்னு குனிஞ்சு மோந்து பார்த்தேன்.

குபீர்னு ஏறுச்சு பாரு. நாக்குல இல்லட்டி, மூக்குல. மூக்கு வழியா மேல போய், நெத்திக்குள்ள யாரோ வெல்டிங் வச்ச மாதிரி இருந்துச்சு. கண்ணு பொலபொலன்னு கொட்டுது. சுவரைத் தடவித் தடவிக் கதவைத் தேடினேன், அலமாரியைத்தான் திறந்தேன். எப்படியோ வெளிய வந்து பனிக்குள்ள மூஞ்சியை வச்சுக்கிட்டு நின்னேன். பக்கத்து வீட்டு நாய் வந்து பார்த்துட்டு, வாலை ஆட்டாம போயிடுச்சு. அப்போ வேலைக்கு நேரமாச்சு, துருவினதை அப்படியே தட்டுல விட்டுட்டு ஓடிட்டேன். சாயங்காலம் வந்து வாயில போட்டா மரத்தூள் மாதிரி சப்புன்னு இருக்கு. காத்துல விட்டா அதோட உறைப்பு பறந்து போயிடுமாம். துருவின கையோட வினிகர் ஊத்தணுமாம். அதைத்தான் அவங்க சொல்லியிருக்காங்க, நான் தாக் சொல்லியிருக்கேன்.

சரி, இன்னும் ரெண்டு இருக்கேன்னு, துருவினதைக் குப்பைக்கூடையில பேப்பருக்கு அடியில போட்டு மறைச்சேன்.

"ம்."

அப்புறம் பெரிய வெள்ளி. ரெண்டாவது வேர். இந்தத் தடவை புத்திசாலியா இருக்கப் போறேன்னு முடிவு பண்ணினேன். பாகக்காய்க் கசப்பைப் போக்க உங்க ஆச்சி என்ன செய்வா? உப்புத் தண்ணியில போட்டுப் பிழிவா. அதே மாதிரி தண்ணிக்குள்ளேயே வச்சுத் துருவினேன். கண்ணு எரியவே இல்ல. பெரிய கண்டுபிடிப்புன்னு நினைச்சு நல்லா அலசி, சொத் சொத்துன்னு பிழிஞ்சு எடுத்தேன். தின்னு பார்த்தா கோரைப்பாய். உறைப்பு மொத்தமும் தண்ணியோட போய் சாக்கடையில இறங்கிடுச்சு. அன்னிக்கு அந்தத் தெரு எலிக்கெல்லாம் ஜலதோஷம் தீர்ந்திருக்கும்.

மூணாவது, சனிக்கிழமை காலையில. அன்னிக்கு மதியம் பண்டிகைச் சாப்பாட்டைக் கூடையில வச்சுக் கோயிலுக்குக் கொண்டு போய் மந்திரிச்சு வரணும். அதுக்குள்ள துவையல் வேணும். நான் என் வெல்டிங் முகமூடியை மாட்டிக்கிட்டேன். சிரிக்காத, நிஜமா மாட்டிக்கிட்டேன். கறக் கறக்னு முழு வேரையும் துருவி முடிச்சேன். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. வினிகரும் ஊத்திட்டேன். ஜெயிச்சுட்டோம்னு ஒரு ஆட்டம்கூட ஆடினேன். அடுப்புல பீட்ரூட் தளதளன்னு கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதை மசிச்சு, ஆற விடாம, ஆவி பறக்கப் பறக்க துருவின வேர் தலையில கொட்டினேன். உஸ்ஸுன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். சூடு பட்டாலும் அதோட உயிர் போயிடுமாம்.

ருசி பார்த்தேன். இனிப்பா, சாதுவா, பாப்பாவுக்கு ஊட்டுற பீட்ரூட் மாதிரி இருந்துச்சு.

அப்போதான்டி எனக்கு உறைச்சுது. செத்துப் போன மனுஷன் தன் கையால தோண்டி வச்ச மூணு வேர். பொண்டாட்டிக்குன்னு மணல்ல புதைச்சு வச்சுட்டுப் போயிருக்காரு. அதை ஒருத்தன் மூணே நாள்ல தூளாவும் தண்ணியாவும் பாப்பா சோறாவும் ஆக்கிட்டான். வாசல்ல ஹலீனா அம்மா பூட்ஸைத் தட்டுற சத்தம் கேக்குது, டக் டக்னு.

நல்லவனா இருந்தா அங்கேயே சொல்லியிருப்பான். உன் மாமா என்ன செஞ்சான் தெரியுமா? மாடிக்கு ஓடி, உங்கம்மா பார்சல்ல அனுப்பின மிளகாய்ப்பொடி டப்பாவை எடுத்துட்டு வந்து, மூணு கரண்டி அள்ளிப் போட்டுக் கலக்கிட்டேன். சிவப்புக்குள்ள சிவப்பு, யாருக்குத் தெரியும்? உறைப்புன்னா உறைப்புதானேன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

மதியம் கோயில்ல ஃபாதர் வந்து கூடை மேல தீர்த்தம் தெளிச்சாரு. முட்டையை மந்திரிச்சாரு, தொத்திறைச்சியை மந்திரிச்சாரு, என் மிளகாய்ப்பொடியையும் மந்திரிச்சுட்டாரு. நான் வெள்ளைக்கார மாதாவைப் பார்க்க முடியாம ஷூவையே பார்த்துக்கிட்டு நின்னேன்.

தூங்கிட்டியா?

"இல்ல. அப்புறம்?"

அப்புறம் ஈஸ்டர் காலை. மேசையில நாலு தட்டு. ஹலீனா அம்மா, ரிஷார்டோட தம்பி யூரெக், நான். நாலாவது தட்டு ரிஷார்டுக்கு. யூரெக் என்னை மாதிரி இல்ல, அதிகம் பேசமாட்டாரு. பன்னித் தொடையில ஒரு துண்டு வெட்டி, அது மேல துவையலை நிறைய அப்பி, வாயில போட்டாரு. அண்ணன் வீட்டுத் துவையல்னு நம்பிப் போட்டாரு.

முதல்ல மெல்லுறதை நிறுத்தினாரு. அப்புறம் காது ரெண்டும் சிவந்துச்சு. அப்புறம் கழுத்து. மடக் மடக்னு தண்ணி குடிச்சாரு. இன்னொரு டம்ளர் குடிச்சாரு. அப்புறம் ஜன்னல் பக்கம் போய் நாக்கை வெளிய நீட்டிக்கிட்டு நின்னாரு, அறுபத்தஞ்சு வயசு மனுஷன்.

ஹலீனா அம்மா கரண்டி நுனியில தொட்டு நாக்குல வச்சாங்க. கரண்டியை மெதுவா கீழ வச்சாங்க.

"இது நாக்குல எரியுது. மூக்குக்கு வரலையே"ன்னாங்க.

வினிகர் சரியில்லைன்னு சொல்லலாமான்னு யோசிச்சேன். வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா அந்த நாலாவது தட்டு எதுக்கவே இருந்துச்சு. தெரிஞ்ச நாப்பது வார்த்தையில தேடித் தேடி எடுத்துச் சொன்னேன். "மூணு வேரும் நான் கெடுத்துட்டேன். ஒண்ணு காத்து. ஒண்ணு தண்ணி. ஒண்ணு சூடு. இது எங்க ஊர் மிளகாய். நான் பொய். மன்னிப்பு."

அவங்க எந்திரிச்சு உள்ள போனாங்க. போச்சு, பெட்டியைக் கட்டச் சொல்லப் போறாங்கன்னு, என் பெட்டி கட்டில் அடியில இருக்கா, பரண்ல இருக்கான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். அப்போ அவங்க திரும்பி வந்தாங்க. பட்டுச் சட்டை, காதுல முத்து, கால்ல ரப்பர் பூட்ஸ், கையில மண்வெட்டி.

"வா"ன்னாங்க.

பின்னாடி தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. வேலியோரத்துல மண்ணைப் பிளந்துக்கிட்டு சின்னச் சின்னதா இலை முளை எட்டிப் பார்த்துச்சு. "தோண்டு"ன்னாங்க. தோண்டினேன். அங்க ஒரு வேர். கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு. மண்வெட்டி வைக்கிற இடமெல்லாம் வேரு.

எனக்கு ஒண்ணும் புரியலை. "அந்த மூணுதான் கடைசின்னு நினைச்சேன்"ன்னேன்.

அவங்க சொன்னாங்க, "கடைசியா? இருபது வருஷமா இந்த இடத்துல ரோஜா வைக்கணும்னு இதை ஒழிக்கப் பார்க்கறேன். ஒரு விரல் துண்டு மண்ணுல தங்கினா போதும், மறுபடி வரும். அவர் ஒவ்வொரு வருஷமும் தோண்டும்போது வேணும்னே ரெண்டு துண்டு விட்டுட்டு வருவாரு. எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு."

சொல்லிட்டு அந்த முளையை பூட்ஸ் நுனியால லேசா தொட்டுக்கிட்டு நின்னாங்க. நான் வேரைக் கழுவற சாக்குல திரும்பிக்கிட்டேன்.

"ம்."

அப்புறம் சமையல்கட்டுக்கு வந்து நான் துருவினேன். யூரெக் வினிகர் பாட்டிலோட பக்கத்துலயே காவல் நின்னாரு, என்னை நம்பலை. பீட்ரூட் ஆறி ஜில்லுன்னு இருக்கான்னு தொட்டுத் தொட்டுப் பார்த்தாரு. முகமூடி வேண்டாம்னு வச்சுட்டேன். கண்ணு கொட்டுது, மூக்கு கொட்டுது, அப்போ என்னை அறியாம வாயில என்னென்னமோ வார்த்தை வந்துச்சு. கப்பல் பட்டறையில கால்ல இரும்பு விழுந்தா வருமே, அந்த வார்த்தை. தமிழ்தானே, யாருக்கு விளங்கப் போகுதுன்னு தாராளமா திட்டினேன். அந்த வேரைத் திட்டினேன், அதோட அப்பனைத் திட்டினேன்.

திரும்பிப் பார்த்தா ஹலீனா அம்மா வாசப்படியில நாற்காலி போட்டு உக்காந்திருக்காங்க.

"கண்ணுக்கு ஆகாது, உள்ள போங்க"ன்னேன்.

"கதவைச் சாத்தாதே"ன்னாங்க. "ரிஷார்ட் இதைத் துருவும்போது இப்படித்தான் ஒரு மணி நேரம் கெட்ட வார்த்தையா பேசுவாரு. ஈஸ்டர் அன்னிக்குப் பேசாதேன்னு நான் சண்டை போடுவேன். நீ பேசறது எனக்கு ஒரு வார்த்தை புரியலை. ஆனா எல்லாம் அதே வார்த்தைதான்னு தெரியுது. நாலு மாசமா இந்த வீடு சத்தமே இல்லாம இருந்துச்சு. நீ பேசு."

அப்புறம் என்ன, பேசினேன். மூணு பேரும் மூக்கைச் சிந்திக்கிட்டே ரொம்ப நேரம் கழிச்சுத்தான் சாப்பிட்டோம். நாலாவது தட்டுலயும் அவங்க ஒரு துண்டு வச்சு, மேல ஒரு கரண்டி துவையல் வச்சாங்க. அது சரியா மூக்குக்குப் போச்சு.

சாப்பிட்டு முடிச்சதும், நீ அடிக்கடி சொன்னியே ஒரு வார்த்தை, அதை எனக்குச் சொல்லிக் குடுன்னாங்க. மாட்டேன்னு எவ்வளவோ சொன்னேன். விடலை.

"என்ன வார்த்தை மாமா?"

உனக்குச் சொன்னா உங்கம்மா என்னைத் துருவிடுவா. ஆனா இன்னிக்குக் காலையிலகூட ஹலீனா அம்மா போன் பண்ணினாங்க, நான்தான் மொட்டை மாடிக்கு எடுத்துட்டு ஓடினேன். கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்னு அவங்க பாஷையில பக்தியா சொன்னாங்க. அடுத்த மூச்சுல அந்த வார்த்தையைச் சொன்னாங்க, தூத்துக்குடியில பொறந்த மாதிரி, அவ்வளவு சுத்தமா.

சரி, உனக்கு "ம்" கூட வரலை. கதையும் ஆச்சு, மாமா மானமும் போயாச்சு, நீ கண்ணை மூடு.