மரியாதை தெரிந்த நோவு

பெரிய டாக்டர் ஞானசிகாமணி ரவுண்ட்ஸ் வந்தால் இதய வார்டே முதுகு நிமிர்ந்து உட்கார வேண்டும். படுத்துக் கிடந்தால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அன்றைக்கு உப்பளத்துச் சொர்ணத்தாய் மட்டும் எழுந்திருக்கவில்லை. நர்ஸ் கண்ணைக் காட்டியும் அசையவில்லை.

"உனக்கு வால்வு சுருக்கம். மாத்திரை போதும், ஸ்கேன் வேண்டாம்னு சொல்லியாச்சே. எழுந்திரு!"

"எழுந்தா மயக்கம் வருது ஐயா. படுத்தா மூச்சு நல்லா ஓடுது."

"இந்த நோய்க்குப் படுத்தாத்தான் மூச்சு முட்டும். எனக்கே பாடம் எடுக்கிறியா?"

"உங்க மேல மரியாதை வச்சுத்தான் தினமும் எழுந்து உட்கார்றேன். என் நோவுக்கும் அதே மரியாதை போல, கூடவே எழுந்துக்குது. அது படுத்திருக்கையில ஒருதரம் கேட்டுப் பாருங்க."



"படுத்தும் வால்வுச் சத்தம் அப்படியே இருந்தா இப்பவே டிஸ்சார்ஜ்" என்று டாக்டர், படுத்திருந்தவளின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். இடம் மாற்றி மாற்றிக் கேட்டார். நேற்றுவரை உறுமிய சத்தத்தைக் காணோம். உட்காரவைத்தார். உறுமியது. அவளுக்கு முகம் வெளுத்துக் கண் செருகியது. அவரே தாங்கிப் படுக்கவைத்து, "ஸ்கேனுக்குக் கொண்டுபோங்க!" என்று கத்தினார்.

இதயத்துக்குள் ஒரு கட்டி காம்போடு தொங்கியது. அவள் உட்காரும்போதெல்லாம் அது வால்வின் வாயில் இறங்கி அடைத்திருக்கிறது. மறுநாளே அறுத்தெடுத்தார்கள்.

அடுத்த வாரம் டாக்டர் உள்ளே வந்ததும், "யாரும் எழுந்திருக்க வேண்டாம்" என்றார்.

சொர்ணத்தாய் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இப்பக் கேளுங்க ஐயா. இன்னிக்கு நான் மட்டும்தான் உட்கார்ந்திருக்கேன்."