பந்து கையில் இருக்கும்போது

தூத்துக்குடியில் ததேயு மிராண்டா என்றொரு வாட்டர் போலோ நடுவர் இருந்தார். வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையுமாக, கழுத்தில் விசிலோடு அவர் குளத்தின் ஓரத்தில் நடக்க ஆரம்பித்தால் தண்ணீருக்குள் முரட்டுத்தனம் பாதியாகக் குறைந்துவிடும் என்று பயிற்சியாளர்கள் பேசிக்கொள்வார்கள். அவர் ஊதினால் ஊதினதுதான். யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை.

பிறகு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. அது ஆறுவதற்குள் வேலையில் வெளியூருக்கு மாற்றல் வந்தது. சில வருஷங்கள் அவர் குளத்துப் பக்கமே போகவில்லை. ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது ஆட்டம் மாறியிருந்தது.

முன்பெல்லாம் கோல்கீப்பர் பாதிக் குளத்தைத் தாண்டக் கூடாது. இப்போது தாண்டலாம். ஆளை மாற்ற வேண்டுமென்றால் முன்பு மூலைக்கு நீந்தி வந்தாக வேண்டும். இப்போது ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டில் ஒருவர் ஏறலாம், இன்னொருவர் இறங்கலாம். இதையெல்லாம் மிராண்டா எப்படியோ பழகிக்கொண்டார். ஒரு விதி மட்டும் அவருக்குள் இறங்க மறுத்தது.

பந்தைக் கையில் வைத்திருப்பவரை எதிராளி பிடிக்கலாம், இழுக்கலாம், தண்ணீருக்குள் அமுக்கலாம். பந்தை விட்டுவிட்டால் அவரைத் தொடக் கூடாது. இதுதான் அவர் அறிந்த வாட்டர் போலோ. விளையாடிய நாளிலும் ஊதிய நாளிலும் அவர் உடம்பில் ஊறியது இதுதான். புது விதியோ வேறு சொன்னது. கோலுக்கு முன்னால், ஆறு மீட்டர் கோட்டுக்குள், ஒருவர் கோலைப் பார்த்தபடி பந்தை எறிய முயலும்போது பின்னாலிருந்து அவரைப் பிடித்தால் பெனால்டி. பந்து கையில் இருந்தாலும் பெனால்டி. கோல்கீப்பர் ஒருவரைத் தவிர வேறு யாரும் தடுக்க முடியாத எறி அது. பெரும்பாலும் கோலாகத்தான் முடியும்.

மிராண்டா விதிப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். படிக்கப் படிக்கக் குழப்பம் கூடியது. ‘எறிய முயலும்போது’ என்ற இடத்துக்கு வந்ததும் கண் நின்றுவிடும். முயற்சி எங்கே ஆரம்பிக்கிறது என்று புத்தகம் சொல்லவில்லை.

புது விதிகளை நடுவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் அங்கயற்கண்ணி. மதுரைக்காரர், ஒரு காலத்தில் கோல்கீப்பர். மிராண்டாவின் மூத்த மகளைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும், அவ்வளவுதான். போட்டிக்காக அவர் தூத்துக்குடி வந்திருந்தபோது மிராண்டா போய் நின்றார்.

"மேடம், என்னையும் சேத்துக்குவீங்களா?"

"ஸ்கூல்ல ஆடும்போது நீங்க என்னை ரெண்டு தடவை வெளியே அனுப்பியிருக்கீங்க சார்."

மிராண்டாவின் முகம் சுருங்கிவிட்டது.

"ரெண்டுமே சரியான முடிவு" என்றார் அங்கயற்கண்ணி. "காலையில வாங்க. விசில் கொண்டுவர வேண்டாம்."

மறுநாள் காலையில் குளத்தில் பெண்கள் பயிற்சி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அங்கயற்கண்ணி ஓரமாக நடந்தபடி ஊதினார். மிராண்டா கையை வீசிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். கழுத்து வெறுமையாக இருப்பது அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

"மேடம், அந்த விதி எனக்குப் புரிய மாட்டேங்கு."

"எது?"

"பந்து கையில இருந்தா பிடிக்கலாம்னு ஒரு பக்கத்துல இருக்கு. பந்து கையில இருந்தாலும் பிடிச்சா பெனால்டின்னு இன்னொரு பக்கத்துல இருக்கு. எதை நம்புறது?"

"ரெண்டையும்."

"எப்படி மேடம் ரெண்டையும் நம்புறது? சரி, அதை விடுங்க. முயற்சின்னா எது? கை பின்னால போறதா? உடம்பு எழும்புறதா? கண்ணு கோலைப் பாக்குறதா?"

"ஆமா."

"எது ஆமா?"

அதற்குள் பந்து மறுபக்கம் போய்விட்டது. அங்கயற்கண்ணியும் போய்விட்டார்.

சற்று நேரத்தில் ஒரு பெண் கோலுக்கு முன்னால் பந்தோடு திரும்பினாள். பின்னாலிருந்தவள் அவள் தோளைப் பிடித்தாள். விசில் ஒலித்தது. பெனால்டி. அடுத்த சில நிமிடத்தில் இன்னொரு பெண், அதே இடம், அதே மாதிரித் திரும்பல், தோளில் கை. விசில் வரவில்லை. ஆட்டம் ஓடியது.

இடைவேளை வரும்வரை மிராண்டா பொறுத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

"ஒண்ணா?"

"அதே இடம். அதே பிடி."

"பிடி ஒண்ணுதான்."

"பிறகு?"

அங்கயற்கண்ணி குனிந்து தண்ணீரில் மிதந்த பந்தை எடுத்தார். ஈரம் சொட்டச் சொட்ட அதை ஓங்கினார். மிராண்டா சட்டென்று முகத்தைத் திருப்பிக் கையால் மறைத்துக்கொண்டார்.

பந்து அங்கயற்கண்ணியின் கையிலேயே இருந்தது.

"நான் எறியவே இல்லையே சார். ஏன் மறைச்சீங்க?"

"எறியப் போறீங்கன்னு தெரிஞ்சுதே."

அங்கயற்கண்ணி மறுபடியும் பந்தைத் தூக்கினார். அதே உயரம், அதே கை. மிராண்டா அசையாமல் நின்றார்.

"இப்ப ஏன் மறைக்கலை?"

"இப்ப எறிய மாட்டீங்க."

"எப்படித் தெரிஞ்சுது?"

மிராண்டா யோசித்தார். கையைப் பார்த்தா? கண்ணைப் பார்த்தா? தோளைப் பார்த்தா? சொல்ல வரவில்லை. யோசிக்க யோசிக்க, தெரிந்திருந்ததும் நழுவிப்போனது போலிருந்தது.

"தெரிஞ்சுது. எப்படின்னு சொல்லத் தெரியலை மேடம்."

அங்கயற்கண்ணி பந்தைத் தண்ணீரில் போட்டுவிட்டு அடுத்த பகுதி ஆட்டத்துக்கு ஊதப் போனார்.

அன்று மாலை டீக்கடையில் மிராண்டா வேறு வழியில் கேட்டுப் பார்த்தார்.

"இந்தப் புது விதி நல்ல விதியா மேடம்?"

"எனக்குப் பிடிக்கலை."

"பிடிக்கலையா?"

"தடுக்கிறவளுக்கு ரொம்பக் கஷ்டம். நடுவர் கூட்டத்துலயே எழுந்து சொன்னேன்."

"பிறகு ஏன் அதை ஊதுறீங்க?"

"இந்த விசில் சத்தம்கூட எனக்குப் பிடிக்காது சார்" என்று சொல்லிவிட்டு அவர் டீயை ஆற்றத் தொடங்கினார்.

மிராண்டா வீட்டுக்கு நடந்தார். வந்த அன்றைக்கு ஒரு கேள்விதான் இருந்தது. இப்போது எத்தனை என்று அவருக்கே தெரியவில்லை.

பயிற்சி ஆட்டங்களில் அவர் கைக்கு விசில் திரும்பி வந்தது. ஒரு நாள் கண்ணில் பட்ட பிடிக்கெல்லாம் பெனால்டி கொடுத்தார். தடுப்பவர்கள் கையைத் தூக்கவே பயந்தார்கள். அடுத்த நாள் ஒன்றுமே கொடுக்கவில்லை. எறிபவர்கள் மூழ்கி மூழ்கி எழுந்தார்கள். இரண்டு நாளும் அங்கயற்கண்ணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டினாலாவது நன்றாக இருக்கும் என்று மிராண்டா நினைத்தார்.

இப்படி இருக்கையில் போட்டியின் முக்கியமான ஆட்டம் வந்தது. ஜெயிக்கிற பெண்கள் அணி மாநிலப் போட்டிக்குப் போகும். அங்கயற்கண்ணி குளத்தின் ஒரு பக்கத்தைத் தான் எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்தை மிராண்டாவிடம் கொடுத்தார்.

"நானா மேடம்?"

"ஏன், கால் வலிக்குதா?"

"கால் இல்ல."

"அப்ப நடங்க."

ஆட்டம் கடைசிப் பகுதிக்கு வந்தபோது இரண்டு அணியும் சமமாக இருந்தன. நீலத் தொப்பி அணியில் பெனிட்டா என்றொரு பெண். மீன்பிடித் துறைமுகத்துப் பக்கத்திலிருந்து விடிகாலையிலேயே சைக்கிளில் பயிற்சிக்கு வருகிறவள். நேரம் முடியும் தறுவாயில் பந்து அவளிடம் வந்தது. தன்னை அடைத்துக்கொண்டிருந்தவளைச் சுற்றித் திரும்பி, ஆறு மீட்டர் கோட்டுக்குள், கோலுக்கு நேராக எழும்பினாள். மிராண்டாவுக்கு எதிரிலேயே நடந்தது இது. பின்னாலிருந்தவளின் கை பெனிட்டாவின் தோளில் விழுந்து இறுகியது.

விசில் மிராண்டாவின் உதட்டில் இருந்தது. மூச்சை இழுத்தார்.

பந்து கையில் இருக்கிறதே. கையில் இருந்தால் பிடிக்கலாமே. இல்லை, கோட்டுக்குள் இருக்கிறாள். கோலைப் பார்க்கிறாள். ஆனால் கை முழுசாகப் பின்னால் போனதா? போனது போலத்தான் இருந்தது. போல இருந்தால் போதுமா?

இழுத்த மூச்சு நெஞ்சிலேயே நின்றது.

பெனிட்டா பந்தை விடவில்லை. விடக் கூடாது என்றுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வைத்திருந்தால் பெனால்டி கிடைக்கும் என்று நம்பி வைத்திருந்தாள். பிடித்தவள் அமுக்கினாள். பெனிட்டா மூழ்கினாள். பந்தும் அவளோடு சேர்ந்து மூழ்கியது.

பந்தைத் தண்ணீருக்குள் கொண்டுபோனால் வைத்திருந்தவர் மேல்தான் ஃபவுல். இது பழைய விதி. மாறாத விதி. மிராண்டாவின் விசில் இப்போது கூர்மையாக ஒலித்தது. கை தானாகவே எதிர்ப்பக்கம் நீண்டது.

பந்து எதிரணிக்குப் போனது. அவர்கள் ஒரே பாய்ச்சலில் மறுகோடிக்குப் போய்க் கோல் போட்டார்கள். நேரம் முடிந்தது.

நீல அணியின் பயிற்சியாளர் ஜெபசிங் குளத்தைச் சுற்றி ஓடிவந்தார். மிராண்டாவை நேரே பார்க்காமல் அங்கயற்கண்ணியிடம் கேட்டார். "மேடம், புது விதின்னு நீங்கதானே வந்து சொல்லிக்கொடுத்தீங்க? பிள்ளைகளை நான் எந்த மூஞ்சியோட பாக்க?"

"நடுவர் முடிவு. மாத்த முடியாது சார்" என்றார் அங்கயற்கண்ணி.

ஜெபசிங் தரையைப் பார்த்தபடி போய்விட்டார். அந்தக் காலத்தில் மிராண்டாவின் விசிலுக்குப் பயந்து ஆடியவர் அவர். ஒரு சொல் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

உடை மாற்றும் அறைக்குப் போகும் வழியில் பெனிட்டா நின்றுகொண்டிருந்தாள். துண்டைப் போர்த்தியிருந்தாள். கண் சிவந்திருந்தது. அழுகையா குளத்துக் குளோரினா தெரியவில்லை.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"நான் பந்த விட்டிருக்கணுமா?"

"இல்லம்மா. நீ வச்சிருந்தது சரிதான்."

"அப்ப ஏன் சார் எனக்கு எதிரா ஊதுனீங்க?"

அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினாள்.

"இனிமே அந்த மாதிரி வந்தா விடணுமா, வச்சிருக்கணுமா? அது மட்டும் சொல்லுங்க சார்."

"வச்சிரு" என்றார் மிராண்டா.

பெனிட்டா தலையாட்டினாள். ஆனால் போகவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். அந்தச் சொல்லை நம்பலாமா வேண்டாமா என்று அவளுக்குள் ஓடியது அவருக்குத் தெரிந்தது. கடைசியில் "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். தன் குழப்பத்தில் பாதி அந்தப் பிள்ளையோடு போவதை மிராண்டா பார்த்துக்கொண்டு நின்றார்.

அங்கயற்கண்ணி குளத்து ஓரத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஆட்கள் மிதவைக் கயிறுகளை இழுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மிராண்டா அவர் அருகே போய் நின்றார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"தப்புப் பண்ணிட்டேன் மேடம்."

"ஆமா."

ஆறுதலாக ஏதாவது வரும் என்று அவர் காத்திருந்தார். வரவில்லை.

"நீங்க பாத்தீங்களா?"

"பிடிச்ச கை என் பக்கத்துலேர்ந்து தெரியலை. பெனிட்டாவோட உடம்பு மறைச்சிருச்சு. தெரிஞ்சிருந்தா நான் ஊதியிருப்பேன்."

"அப்ப எதுவுமே பாக்கலையா?"

"உங்களைப் பாத்தேன்."

"என்னையா?"

"விசில் வாயில இருந்துச்சு. மூச்சை இழுத்தீங்க. கண்ணு அவ தோள் மேல இருந்துச்சு."

"ஆமா."

"என்ன செய்யப் போனீங்க?"

"பெனால்டி கொடுக்கப் போனேன்."

"சத்தம் வரலை. கை தூக்கலை. பெனால்டிக்குத்தான் போனீங்கன்னு எப்படிச் சொல்றீங்க?"

"எனக்குத் தெரியாதா மேடம்? அதுக்குத்தான் மூச்சே இழுத்தேன்."

எத்தனையோ நாளுக்குப் பிறகு தயங்காமல் ஒரு பதில் சொல்லியிருப்பதை, சொன்ன பிறகுதான் மிராண்டா உணர்ந்தார்.

"எனக்கும் தெரிஞ்சுது" என்றார் அங்கயற்கண்ணி. "குளத்துக்கு அந்தப் பக்கம் நின்ன எனக்கே தெரிஞ்சுது. ஆனா நின்னுட்டீங்க."

"நின்னுட்டேன். அந்தப் பிள்ளை ஏன்னு கேக்குறா. அவளுக்கு என்ன சொல்லன்னு தெரியலை. நீங்களாவது சொல்லுங்க மேடம்."

அங்கயற்கண்ணி ஷூவை ஓரமாக வைத்தார். அவர் பக்கம் திரும்பினார்.

"அவளைப் பிடிச்சிருந்தது பின்னால இருந்தவ" என்றார். "உங்களை யாரு சார் பிடிச்சிருந்தது?"