அரக்குச் சேலையும் வாடகை நாற்காலியும்

ஒரு கல்யாண வீட்டுப் புகைப்படத்துக்குள் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று குடியிருந்தது. அதன் முதுகில் வெள்ளைப் பெயின்டால் ‘கொடிமலர் பந்தல், 48’ என்று எழுதியிருந்தது. வாடகைக்கு வந்த நாற்காலிதான். ஆனாலும் படத்துக்குள் வந்துவிட்ட பிறகு யாரும் தன்னை வண்டியில் அடுக்கித் திருப்பிக்கொண்டு போக முடியாது என்பதில் அதற்குப் பெரிய நிம்மதி.

அதன்மேல் தளவாய் மாமா உட்கார்ந்திருந்தார். மணப்பெண் வடிவுக்குத் தாய்மாமன். காலையிலிருந்து பந்தியில் சாம்பார் வாளியோடு அலைந்த மனுஷன், முழங்கால் தாங்காமல் இரண்டே நிமிஷம் உட்கார்ந்தார். வடிவு அவர் பக்கம் குனிந்தாள். அவர் என்னவோ சொன்னார். அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அந்த நேரம் பார்த்துக் காமிரா கண்ணைச் சிமிட்டிவிட்டது. மாமாவின் முதுகும் நரைத்த பின்னந்தலையும்தான் படத்தில் விழுந்தன. ஆல்பம் முழுக்கத் தேடினாலும் அவர் இருக்கிற படம் அது ஒன்றுதான்.

பச்சை வாழைமரம், மஞ்சள் சீரியல் விளக்கு, நீல ஜமக்காளம், வடிவின் அரக்குப் பட்டுச்சேலை, நாற்காலி என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரு வருஷம் சண்டை சச்சரவில்லாமல்தான் இருந்தார்கள்.

ஒருநாள் மத்தியானம் ஸ்டூடியோக் கம்ப்யூட்டரில் அந்தப் படம் திறந்தது. திரைக்கு வெளியே இரண்டு பேர். ஒருத்தி, படங்களைச் சரிசெய்கிற பெல்சி. மற்றவன், வடிவின் புருஷன் இசக்கிராஜ்.

“முதல் கல்யாண நாளுக்கு அவளுக்குத் தெரியாம குடுக்கணும்க்கா. சேலை மட்டும் கலர்ல இருக்கட்டும். மிச்சம் எல்லாம் கறுப்பு வெள்ளை.”

“சேலை நீங்க எடுத்துக் குடுத்ததோ?”

“பின்ன? அஞ்சு கடை ஏறி இறங்கினேன்.”

படத்துக்குள் சலசலப்பு எழுந்தது.

“கேட்டீங்களா? நமக்கெல்லாம் சாம்பல் பூசப் போறாங்க” என்றது வாழைமரம். “எனக்கென்ன, நான் மறுநாளே குப்பைக்குப் போனவன்.”

நாற்காலிக்கு மட்டும் உடம்பெல்லாம் எரிந்தது.

“அவ மட்டும் என்ன ஒசத்தி? அவளும் சிவப்பு, நானும் சிவப்பு.”

சேலை மடிப்புக் கலையாமல் பதில் சொன்னது. “நான் பட்டு. உன் முதுகுல கடை பேரு எழுதியிருக்கு.”

“உனக்குந்தான் கடைச் சீட்டு ஒட்டியிருந்துச்சு. காலையில அவசர அவசரமாப் பிச்சாங்களே, நான் பார்க்கலன்னு நினைச்சியா? அன்னைக்கு ஒருநாள் கட்டினாங்க. அதுக்கப்புறம் பீரோவுக்குள்ள அந்துருண்டையோட படுத்துக் கிடக்கிறவ நீ. நான் இந்த ஊர்ல எத்தனை கல்யாணம், எத்தனை கருமாதிக்குப் போய் நின்னவன் தெரியுமா?”

ஜமக்காளம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

சேலைக்குச் சுருக்கென்றது. ஆனாலும் குரலைத் தணித்துக்கொண்டது. “ஏன் இப்படி வயிறெரியுற? நான் யார் பக்கம் குனிஞ்சிருக்கேன்னு பாரு. உன் பக்கம்தான்.”

“என் பக்கமா? என்மேல இருக்கிறவர் பக்கம்.”

அப்படிச் சொன்ன பிறகும் அது தன்மேல் இருக்கிறவரை நினைக்கவில்லை. அவருடைய கனம் அந்த நேரத்தில் அதற்கு மறந்தே போயிருந்தது.

பெல்சி வழக்கமாகச் சேலையின் ஓரம் முழுக்கக் கையால் கோடு இழுத்துத்தான் பிரிப்பாள். அன்று வாசலில் பாஸ்போர்ட் படத்துக்கு நாலு பேர் காத்திருந்தார்கள். அதனால் கம்ப்யூட்டரில் நிறம் உறிஞ்சுகிற குழாயை அனுப்பினாள். ஒரு நிறத்தைத் தொட்டால் போதும், அதே நிறம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் போய் அடையாளம் வைத்துவிட்டு வரும் குழாய் அது.

சேலையைத் தொட்டுவிட்டுப் படம் முழுக்க முகர்ந்துகொண்டே வந்த குழாயை நாற்காலி வழிமறித்தது.

“தம்பி, என்னை விட்டுட்டுப் போறியே?”

“நீ பளீர்னு இருப்பியே. எனக்குச் சொன்னது அரக்கு.”

“நல்லாப் பாருப்பா. பந்தல் நிழல் என்மேல விழுந்திருக்கு. இப்ப நான் அரக்கா இல்லையா?”

குழாய் தொட்டுப் பார்த்தது. “அரக்குதான்.”

“அப்ப வை அடையாளத்தை.”

“பெல்சியக்கா சேலைன்னுல்ல சொன்னாங்க?”

“உனக்குச் சேலை தெரியுமா?”

“தெரியாது. எனக்கு நிறம்தான் தெரியும், ஆள் தெரியாது” என்ற குழாய் அடையாளத்தை வைத்துவிட்டு நகர்ந்தது.

அடுத்த நொடி வாழைமரம் வெளுத்தது. சீரியல் விளக்குகள் அணைந்த மாதிரி ஆயின. ஜமக்காளத்தின் நீலம் வடிந்தது. சாம்பல் உலகத்தின் நடுவே சேலையும் நாற்காலியும் மட்டும் சிவந்து நின்றன. மாமாவின் வெள்ளைச் சட்டையைச் சுற்றி நாற்காலி ஜொலித்தது. ‘கொடிமலர் பந்தல், 48’ என்ற எழுத்துகள் முன்னெப்போதும் இல்லாத தெளிவோடு எடுப்பாகத் தெரிந்தன.

“இப்ப என்ன சொல்ற, பட்டு?” என்றது நாற்காலி.



“அய்யய்யோ!” என்றான் இசக்கிராஜ். “என்னக்கா, பந்தல் கடைக்கு விளம்பரம் போட்ட மாதிரி இருக்கு? நாப்பத்தெட்டாம் நம்பரு வேற!”

பெல்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நிழல்ல ரெண்டும் ஒரே நிறமாயிருக்கு. இருங்கண்ணே, ஒரே தேய்ப்புல சரியாக்கிருதேன்.”

அவள் தேய்த்தாள். சிவப்பு போயிற்று. நாற்காலிக்கு அழுகை முட்டியது. ஆனால் கதை அதோடு முடியவில்லை.

இசக்கிராஜ் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். “இல்லக்கா. முதல்லயே கறுப்பா இருந்திருந்தா தெரிஞ்சிருக்காது. இப்ப ஒருதடவை பார்த்தாச்சு, கண்ணு அங்கேயேதான் போவுது. அந்தப் பக்கத்தையே வெட்டிருங்க.”

“யாரோ பெரியவர் உக்காந்திருக்காரேண்ணே?”

“முதுகுதான தெரியுது. பந்திக்கு வந்த யாராவதா இருக்கும்.”

வலப்பக்கமிருந்து ஒரு கோடு மெல்ல நகர்ந்து வந்தது. அது தாண்டிய இடமெல்லாம் இருட்டியது.

அப்போதுதான் நாற்காலிக்குத் தன்மேல் இருந்த கனம் உறைத்தது.

“மாமா! எந்திரிங்க மாமா! அந்தப் பக்கம் போய் நில்லுங்க!”

மாமா எழுந்திருக்கவில்லை. முழங்கால் வலியோடு, நாற்காலியை நம்பி உட்கார்ந்த மனுஷன். வடிவிடம் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

“கோடே, கோடே, என்னை எடுத்துக்கோ. ஆசைப்பட்டது நான்தான். இவரை மட்டும் விட்டுடு.”

“எனக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்னுதான் தெரியும்” என்றது கோடு. “ஆள் தெரியாது.”

சேலை முந்தானையை எட்டி நீட்டப் பார்த்தது. நிறம் இருந்தது, கை இல்லை.

கல்யாண நாளன்று இசக்கிராஜ் சட்டம் போட்ட படத்தை வடிவிடம் கொடுத்தான். கறுப்பு வெள்ளையில் அரக்குச் சேலை தீயாக நின்றது. சேலை குனிந்திருந்தது. அதைக் கட்டியிருந்தவள், யாரும் இல்லாத பக்கத்தைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“சேலைக் கலர் எப்படி, அப்படியே வந்திருக்கா?” என்றான்.

வடிவு சேலையைப் பார்க்கவில்லை. சட்டத்தின் வலது ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள்:

“மாமா எங்கே?”