மாசிலாமணியின் எழுத்துரு

“என்னால இனி முடியாதுங்க டீச்சர்” என்றார் மாசிலாமணி. “இதோட நாலாவது தடவையா வந்திருக்கேன்.”

ஷமீமா அவர் கொண்டுவந்ததைக் கம்ப்யூட்டரில் திறந்தாள்.

குரு என்றால் தாடி வேண்டும் என்பவர்கள் கொஞ்சம் அனுசரித்துக்கொள்ள வேண்டும். இந்தக் குருவுக்கு முப்பத்து நாலு வயது. கரூரில் மாடியில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர். பிறர் வரைந்து கொண்டுவரும் எழுத்துகளை, யாரும் தட்டச்சு செய்யக்கூடிய எழுத்துருவாக்கித் தருவது தொழில்.

சீடருக்கு ஐம்பத்தெட்டு. முப்பது வருஷம் போர்வைகளுக்குப் பூ வரைந்தவர். கை நடுங்கத் தொடங்கியதும் பயந்துபோய் டேப்லெட்டில் எழுத்து வரைய ஆரம்பித்தார். கை அடங்கியிருக்கும் காலை வேளைகளில் மட்டும். அப்படியே மூன்று வருஷம்.

இப்போது டீ டம்ளரையே இரண்டு கையால்தான் பிடிக்கிறார். இனி ஒரு ‘அ’கூட வராது. வரைந்து வைத்தது எழுத்துருவாகாவிட்டால் எல்லாம் அந்தக் கையோடு போயிற்று.

முதல் தடவை வந்தபோது, அவர் எழுத்திலேயே ஷமீமா ஒரு வரி தட்டினாள்: மூன்றாம் நம்பர் வீட்டு நாய் கடிக்கும்.

“என்ன தெரியுது?”

“அந்த ‘ம்’ல ஒரு சுழி இருக்குது பாருங்க. அதுக்கே நாலு நாளாச்சு.”

“எடுத்துட்டுப் போங்கண்ணா.”

இரண்டாம் தடவை: செருப்பை வெளியே விடவும்.

“என்ன தெரியுது?”

“‘ரு’வோட வால்.”

“போயிட்டு வாங்க.”

மூன்றாம் தடவை சுழி, வால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வந்தார். அழிப்பதற்கு நடுங்கும் கையே போதும்.

“இதை யாரு அழிக்கச் சொன்னா?” குருவுக்குக் கோபமே வந்துவிட்டது. “பழைய காப்பி இருக்கில்ல? அதையே கொண்டாங்க.”

கொண்டுவந்தார். அதுதான் இந்த நாலாவது தடவை.

ஷமீமா பழைய நாய் வரியை ஒரு தாளில் அச்செடுத்தாள். அதைத் தலைகீழாகத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள்.

“இப்ப?”

தலைகீழாக எதையும் வாசிக்க முடியவில்லை. வெகுநேரம் பார்த்தார்.

“ஓட்டை ஓட்டையா இருக்குது” என்றார் மெதுவாக. “இங்க நடுவுல லாரியே போகும். அங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது.”

“ஒவ்வொரு எழுத்தையும் எதுக்குள்ள வரைஞ்சீங்க?”

“கட்டத்துக்குள்ள. போர்வைன்னா கட்டத்துக்கு ஒரு பூவுங்க. கட்டம் நெறையணும்.”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது: பக்கத்து எழுத்தோடு சேர்த்து அவர் எதையும் பார்த்ததே இல்லை.

“எழுத்தைத் தொடாதீங்க. ரெண்டு பக்கமும் இருக்கற வெள்ளையை மட்டும் கூட்டுங்க, குறைங்க. நம்பர் தட்டினாப் போதும்.”

“அதுக்கு இந்தக் கை போதுங்களா?”

“போதும்.”

பதினோரு நாள் அந்த மாடியிலேயே உட்கார்ந்து ஒற்றை விரலால் எண்களைத் தட்டினார். ஒரு எழுத்துக்கு இடம் விட்டால் அடுத்தது கோபித்துக்கொண்டது. அதைச் சமாதானப்படுத்தினால் முந்தினது முறைத்தது. கண் எரிந்தது, இடுப்பு விட்டுப்போயிற்று. வரைந்த மூன்று வருஷமும் சுகமாக இருந்தது. இது வெறும் அலுப்பு.

“வெத்து எடத்தை அளக்கறதெல்லாம் ஒரு பொழப்பா?” என்று வாய்விட்டே புலம்பினார். ஷமீமா டீ வாங்கி வைத்தாள், அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் கடைசி எண்ணையும் தட்டிவிட்டுச் சாய்ந்தார். ஷமீமா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து ஒரு வரி தட்டினாள்.

நாளை இருவேளையும் தண்ணீர் வராது.

மாசிலாமணி எழுந்துவிட்டார்.

“ஏனுங்க டீச்சர், நெசமாவா?”

“நெசந்தான். காலையில ஆட்டோவுல மைக் வெச்சு சொல்லிட்டுப் போனாங்க.”

“அடக் கடவுளே, வீட்டுல ட்ரம்மு காலியாக் கெடக்குதே!”

வாசலுக்கு ஓடிச் செருப்பைத் துழாவினார்.

“அண்ணா” என்றாள் ஷமீமா. “எழுத்து எப்படி இருக்கு?”

“எழுத்தா?”

ஒரு காலில் செருப்போடு நின்று திரையைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சுழி அங்கேதான் இருந்தது. அந்த வாலும். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

“நான் அதைப் பாக்கவே இல்லீங்களே டீச்சர்.”

ஷமீமா எழுத்துருக் கோப்பை உருவாக்கும் பட்டனை அழுத்தினாள்.