வைக்கோற்போரில் ஒளிந்த அரசர்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. அதன் பெயர் எதற்கு, அந்த நாட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள். அதை ஆண்ட பூதவேள் அரசர் நல்லவர்தான். ஆனால் திடீர் திடீரென்று ஏதாவது ஆசை வந்துவிடும். வந்துவிட்டால் ஊரில் ஒருவருக்கும் நிம்மதி இருக்காது.

ஒருநாள் புதிதாகக் கட்டிய மண்டபத்தின் சுவரைப் பார்த்தார். வழவழவென்று வெறுமையாக இருந்தது. "நம் ஆட்சியின் வரலாற்றை இதில் வெட்டி வைத்தால் என்ன?" என்றார். அவ்வளவுதான்.

அவைப்புலவர் திருமேனியார் உடனே எழுந்தார். அரசர் தும்மினால்கூட அதை வெண்பாவாக்கிவிடும் மனிதர் அவர். அவருடைய ஒரே வயிற்றெரிச்சல் விகடன் சாத்தையன். தாம் நூறு பாட்டுப் பாடியும் வராத சிரிப்பு, அவன் வாயைத் திறந்தாலே அரசருக்கு வந்துவிடுகிறதே!

"அரசே, வானத்தில் சூரியன் ஒன்றுதான். அதுபோல இந்த வரலாற்றிலும் தங்கள் திருப்பெயர் ஒன்றுதான் வர வேண்டும். அதற்காக நடந்தது எதையும் விட்டுவிடக் கூடாது. செய்தவர் இன்னார் என்று சொல்லாமல் எதையும் மொட்டையாக எழுதவும் கூடாது. இத்தனை நுட்பமான வேலைக்கு நம் விகடரை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?"

அரசருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "அப்படியே ஆகட்டும். சாத்தையா, எட்டு நாள் தருகிறோம். வேறொருவர் பெயர் நுழைந்தாலும், ஒரு நிகழ்ச்சி விடுபட்டாலும் நீ நாட்டைவிட்டுப் போக வேண்டியதுதான்."

நாட்டைவிட்டுப் போவது சாத்தையனுக்குப் பெரிய கவலையாக இல்லை. அவனை வாட்டியது வேறொன்று. போன மழைக்காலத்தில் பெரிய ஏரி கரையை முட்டிக்கொண்டு நின்றது. தண்ணீரை வெளியே விடும் மதகு அடைத்துக்கொண்டுவிட்டது. மண்வெட்டிப் பிழைக்கும் மூக்கன் என்பவன் உள்ளே மூழ்கி அடைப்பை எடுத்துவிட்டான். தண்ணீர் சீறிக்கொண்டு வெளியேறியது, ஊர் பிழைத்தது, மூக்கன் மட்டும் மேலே வரவில்லை. அவன் மனைவி செம்பாயியிடம், "உன் கணவன் பெயர் கல்லில் நிற்கும், தாயே" என்று சாத்தையன் வாக்குக் கொடுத்திருந்தான்.

செய்தி கேட்டு அவள் மறுநாளே வந்து நின்றாள்.

"கல்லுல ராசா பேரு மட்டுந்தான் வெட்டுறாங்களாமே சாமி, நெசமா?"

"ஆணை அப்படி, தாயே."

"அப்ப எம் புருசன் எதுக்குச் செத்தாருன்னு எம் மவளுக்கு யாரு சொல்லுவா? நான் இருக்குற வரைக்கும் சொல்லிருவேன். அதுக்கப்புறம் அவ புள்ளைங்களுக்கு?"

அவள் போன பிறகும் சாத்தையன் மடிக்காத வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அழுகையே வந்துவிட்டது. ஆறு நாள் இப்படியே போயிற்று. ஏழாம் நாள் காலையில் அவன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே எழுத்தாணியை எடுத்தான்.

எட்டாம் நாள் அரங்கேற்றம். அவையில் இடமில்லாமல் வாசல்வரை கூட்டம். செம்பாயியும் அங்கே நின்றாள். சாத்தையன் ஏட்டைப் பிரித்துப் படித்தான்.

"'பூதவேள் அரசர் முடிசூடினார்.'"

"நன்று" என்றார் அரசர்.

"'முடிசூட்டு விருந்துக்கு அரசர் நாற்பது அண்டா சோறு வடித்தார். பந்தி முடிந்ததும் அரசர் எச்சில் இலை எடுத்தார்.'"

அரசர் நெளிந்தார். "என்ன இது?"

"நடந்ததுதான், அரசே. இலை எடுத்தவர் பெயரைச் சொன்னால் எனக்கு நாடு கிடையாதே." சாத்தையன் அடுத்த ஏட்டுக்குப் போனான். "'பிறகு போர் வந்தது. அரசர் யானைமேல் அமர்ந்து போரிட்டார்.'"

அரசர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"'முதல் அம்பு பறந்ததும் அரசர் கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடி, மூன்று நாள் வைக்கோற்போரில் ஒளிந்திருந்தார்.'"

அரசரின் கை வாளுக்குப் போயிற்று. திருமேனியார் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தீர்களா அரசே! இந்த நாக்கை விட்டுவைக்கலாமா?"

"வைக்கோற்போரில் ஒளிந்தது நானா?" என்று அரசர் கர்ஜித்தார். "அது நம் தளபதி வில்லவன் அல்லவா!"

தளபதி மண்டபத்தின் கூரையை ஆராயத் தொடங்கினார்.

"எனக்கும் தெரியும், அரசே. அவர் பெயரே வரக்கூடாத நூலில் அவருடைய ஓட்டத்தை யார் தலையில் கட்டுவேன்? இன்னும் சில ஏடுகள் இருக்கின்றன. கேட்டுவிட்டு வெட்டுங்கள்."

"படி" என்றார் அரசர். கை வாளிலேயே இருந்தது.

சாத்தையன் உரக்கப் படித்தான். "'அரசர் தம் அழகையும் அறிவையும் மெச்சித் தாமே நூறு பாடல்கள் இயற்றினார். அவற்றை அவையில் தாமே பாடி, தாமே தலையாட்டி, தமக்குத் தாமே பொன்னாடை போர்த்திக்கொண்டார்.'"

எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார். திருமேனியார் துள்ளி எழுந்தார். "அபாண்டம்! அந்த நூறும் அடியேன் பாடியவை! நாடே அறியும்! திருமேனி என்று பெயர் போட்டுத்தான் வெட்ட வேண்டும்!"

"போட்டுவிடலாமா, அரசே?" என்று சாத்தையன் பணிவாகக் கேட்டான். "ஒரே பெயர் போதும் என்றவரே கேட்கிறார்."

திறந்த வாயைத் திருமேனியார் மூட மறந்துபோனார். அரசர் அவரைப் பார்த்தார், தளபதியைப் பார்த்தார். வாளிலிருந்து கை நழுவியது. "எச்சில் இலையும் எடுத்து, வைக்கோலிலும் படுத்து, எனக்கு நானே பொன்னாடையும்..." முடிக்க முடியவில்லை. மணிமுடி சரிந்து காதுமேல் விழும்வரை சிரித்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏரியைப் பற்றி என்ன எழுதினாய்?" என்று கேட்டார்.

சாத்தையன் குரல் தாழ்ந்தது. "'அரசர் மதகில் மூழ்கினார், மேலே வரவில்லை' என்று எழுத வேண்டியிருந்தது. எனக்குக் கை வரவில்லை, அரசே. அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டேன். ஆணைப்படி என்னை நாடுகடத்தலாம். ஆனால் ஒன்று. ஏரிக்கரையில் தங்கள் பாட்டனார் வெட்டுவித்த கல்லில் 'அரசர் ஏரி வெட்டினார்' என்று மட்டும்தான் இருக்கிறது. அடைப்பு எங்கே இருக்கும் என்று அன்றைக்கு அந்தக் கல்லால் சொல்ல முடியவில்லை. அங்கே மண் சுமந்தவனின் பேரன் மூக்கனுக்குத்தான் தெரிந்திருந்தது."

அரசர் மூக்கனின் மனைவி செம்பாயியை அழைத்து வரச் சொன்னார்.

"அம்மா, உன் கணவர் பெயரை நீயே சொல். கல்தச்சன் எழுதிக்கொள்ளட்டும்."

செம்பாயி தலைகுனிந்தாள். "கட்டுனவரு பேர வாயால சொல்லக் கூடாதுங்க, ராசா. ஒருநாளும் சொன்னதில்ல." சுவரையும் தச்சனின் உளியையும் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கல்லு கேக்குது, சொல்லிர்றேன். மூக்கனுங்க. மூக்கன்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சாத்தையனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அரசர் தம் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தையன் கழுத்தில் போட்டார். சமையற்காரர்கள், யானைப்பாகன், மண் சுமந்தவர்கள் என்று எல்லாருடைய பெயரையும் வெட்ட ஆணையிட்டார். திருமேனியார் பெயரும் வந்தது. தளபதி மட்டும் தமக்கு வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை.

"எல்லாருக்கும் பங்கு கொடுத்தாயிற்று. இந்த நூலில் எனக்கென்று என்னதான் மிச்சம், சாத்தையா?"

சாத்தையன் கடைசி ஏட்டைக் காட்டினான். "'இதைக் கேட்டு அரசர் சிரித்தார்' என்று முன்பே எழுதி வைத்துவிட்டேன். இதை நான்தான் செய்தேன் என்று வேறு யாரும் வரமாட்டார்கள்."

அரசர் மறுபடியும் சிரித்தார். தச்சன் அதையும் வெட்டினான்.