போர்க்களமேடு

போர்க்களமேட்டில் இன்னொரு கோடையும் வீணாகிக்கொண்டிருந்தது. தில்லைநாயகம் குழியின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். 

பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். ஐம்பது வயதுக்கு மேல் அந்த வேலையை விட்டுவிட்டு, தன்னைவிட இளையவரான எஸ்தரிடம் அகழாய்வு கற்க வந்தார். பழைய அரசர்கள் இருவர் மோதிய இடம் எதுவென்று யாருக்கும் தெரியவில்லை. மேட்டின் பெயரைக் கேட்டதுமே, இதுதான் அது என்று அடித்துச் சொன்னவர் தில்லைநாயகம்தான்.

நாளை குழிகளை மூடவேண்டும். இப்போதும் ஒன்றும் அகப்படாவிட்டால் இனி அனுமதி இல்லை.

எஸ்தர் குடையோடு வந்தார். "என்ன வாத்தியாரே, வாளும் கையுமாக நிற்பீர்கள் என்று பார்த்தேன்."

"கேலி செய்யாதீர்கள் மேடம். ஓர் அம்புமுனைகூட இல்லை. சாம்பலும் கருகின நெல்லும்தான். இது நெல்லடித்த களம். போர் என்றால் வைக்கோற்போர். தமிழ் வாத்தியாருக்கு அதுகூடத் தோன்றவில்லை."

எஸ்தர் குடையை மடக்கிவிட்டுக் குழிக்குள் இறங்கினார். மண்சுவரில் ஓடிய கறுப்புக் கோட்டிலிருந்து கொஞ்சம் சுரண்டி தில்லைநாயகத்தின் உள்ளங்கையில் வைத்தார்.

"பதரா?"

தில்லைநாயகம் விரலால் புரட்டினார். "இல்லை. முற்றின நெல். தாளோடு இருக்கிறது."

"அடிக்காமலே எரிந்திருக்கிறது."

"தீப்பிடித்திருக்கும். களத்தில் நடக்கிறதுதானே?"

"நடக்கும். அடுத்த அறுப்புக்கு அதே களத்தைச் சாணிபோட்டு மெழுகி அடிப்பார்கள். அந்த மெழுகு எங்கே?"

தில்லைநாயகம் சுவரைப் பார்த்தார். கறுப்புக் கோட்டுக்கு மேலே காற்று கொண்டுவந்த மணல். அதற்கு மேலும் மணல். புல்வேர் வரைக்கும் அதுதான். இத்தனை நாளாக அதை வெறும் மண் என்று வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"அடுத்த அறுப்பே இல்லை," என்றார் மெல்ல. "யாரும் திரும்பி வரவில்லை. யாரோ கொளுத்தி விரட்டியிருக்கிறார்கள்."

எஸ்தர் கையைத் தட்டிக்கொண்டு மேலே ஏறினார்.

"அறிக்கையில் எதை எழுதட்டும் மேடம்? இந்தப் பெயரை வைத்தவர்கள் எந்தப் போரைச் சொன்னார்கள்? வைக்கோலையா, சண்டையையா?"

எஸ்தர் குடையை விரித்தார்.

"தூர நின்று எரிவதைப் பார்த்தவர்களுக்கு அது ஒரே சொல்தான், வாத்தியாரே."